புதிதைச் சந்தேகிக்காதவர்

காரின் தாங்கியிலிருந்து கடைசியாக வடிந்ததைக் கண்ணாடிப் போத்தலில் பிடித்து, யன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், மெல்லச் சாய்த்துப் பார்த்தார். அடியில் ஏதோ ஒன்று மணிபோல் உருண்டது. மறுபடி சாய்த்தார். இந்த முறை உருளவில்லை. ஒரு முறை உருண்டது போதும் என்று தோன்றியது. போத்தலை மூடிவைத்தார். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு தொலைபேசியை எடுத்தார்.

"தம்பி றூபன், அருள்நாயகம் கதைக்கிறன். பிழையைப் பிடிச்சிட்டன். பெற்றோலில தண்ணி."

மறுமுனையில் றூபன் ஒரு கதவைச் சாத்துவது கேட்டது.

"தாங்கிக்கு அடியில நிண்டிருக்கு. கொஞ்சம்தான். எண்டாலும் இந்தக் காருகளுக்கு அது காணும். நீர் போட்ட சாமானில ஒரு பிழையும் இல்லை. விளங்குதே?"

"ஷுவரா, அங்கிள்?"

"நான் பாக்காத காரோ?"

"நான் இப்ப வாறன்," என்றான் றூபன். நன்றி சொல்லவில்லை. அருள்நாயகம் நன்றியை எதிர்பார்த்திருந்தார்.

கார் ஒரு எம்ஜிபி. எழுபத்து நாலாம் ஆண்டு செய்தது. இரண்டு பேர் மட்டுமே இருக்கலாம். கூரை துணி. கடும்பச்சை நிறம் பல இடங்களில் வெளிறிப்போயிருந்தது. றூபனின் தகப்பன் ஜூலியன் விமான நிலையத்தில் லிமோசின் ஓட்டியவர். அங்கே ஒரு ஹோட்டலின் பின்புறத்தில், யாரோ விட்டுவிட்டுப் போன இந்தக் காரை இரண்டு குளிர்காலம் பார்த்துக்கொண்டே போய்வந்து, மூன்றாவது கோடையில் வாங்கினார். அதன் பிறகு அவருடைய ஞாயிற்றுக்கிழமைகள் பூசைக்கும் பொனற்றுக்கும் என்று பிரிந்தன.

போன மாதம், பனி விழுமுன் கடைசியாக ஒருமுறை ஓடிவிட்டு மூடிவைக்கலாம் என்று எடுத்துக்கொண்டு போனார். ரொறன்ரோவின் 427 நெடுஞ்சாலையிலிருந்து வெளியேறும் வழியில் கார் நின்றது. மகனை அழைத்தார். வேலையிடத்தில் கூட்டத்தில் இருந்த றூபன் எடுக்கவில்லை. 'கார் நிண்டுட்டுது. அவசரமில்லை. நான் பாக்கிறன்' என்று ஒரு குரல் பதிவு. மாலையில் அந்த வழிக்கு மேலே, கடைகளின் வாகனத் தரிப்பிடத்தில், காருக்குள் இருந்தபடி ஜூலியன் இறந்திருந்தார். மாரடைப்பு. வைத்தியசாலையில் ஒரு டொக்டர் றூபனிடம் கேட்டார்: "ஏதாவது பாரம் தள்ளினாரா?"

அதற்கு முந்திய கிழமைதான் தகப்பனின் பிறந்தநாளுக்கு றூபன் புதுச்சாமான் வாங்கிக் கொடுத்திருந்தான். எஞ்சினுக்குப் பொறி கொடுக்கிற பிளக், வயர், பொயின்ற், றோட்டர், எல்லாம் ஒரே பெட்டியில் வந்தவை. தகப்பன் கதிரையில் இருந்து பார்க்க, மகனே பூட்டினான். ஆகையால் டொக்டரின் கேள்வி அவனுக்குள் இறங்கி அங்கேயே தங்கிவிட்டது. தான் போட்ட சாமான் பழுதாகிக் காரை நிறுத்தியது. அறுபத்தெட்டு வயது மனிதர் அதைத் தனியே ஏற்றத்தில் தள்ளிக்கொண்டுபோய்ச் சேர்த்தார். அதோடு நெஞ்சு நின்றது.

இழுவை வண்டிக்காரன் திறப்பைப் போட்டபோது கார் உடனே பற்றியது. றூபன் கொண்டுபோய்க் காட்டிய மற்றக் கராஜில் ஒரு நாள் முழுக்க ஓடவிட்டுப் பார்த்தார்கள். ஒரு தரமும் மிஸ் அடிக்கவில்லை. நல்ல கார் என்றார்கள்.

அருள்நாயகத்திடம் வந்தபோது அவன் சொன்னது இதுதான்: "இது ஏன் நிண்டது எண்டு எனக்குத் தெரியவேணும், அங்கிள். நான் போட்ட சாமானாலையோ இல்லையோ. வேற ஒண்டும் வேண்டாம். சனிக்கிழமை முப்பத்தோராம் நாள் பூசை. அதுக்கு முதல்."

இன்று வெள்ளி.

ரெக்ஸ்டேலில் அருள்நாயகத்தின் கராஜ் ஒரு நீண்ட கட்டடத்தின் கடைசி அறை. ஒரு பக்கத்தில் சமோசா செய்து பெட்டியில் அடைக்கிறார்கள். மறுபக்கம் வேலி. வேலிக்கு அப்பால் விமானங்கள் இறங்குகின்றன. அவை தலைக்கு மேல் வரும்போது அவர் பேச்சை நிறுத்திக்கொள்வார். அடங்கியதும் விட்ட சொல்லிலிருந்து தொடர்வார். வீட்டிலும் அப்படித்தான், விமானம் இல்லாவிட்டாலும்.

அவர் மன்னார்க்காரர். வேலை பழகியது அங்கே. போரில் பெற்றோல் தடைசெய்யப்பட்டிருந்த ஆண்டுகளில் ஒஸ்ரின்களையும் மொறிஸ்களையும் மண்ணெண்ணெயில் ஓடவைத்தவர்களில் அவரும் ஒருவர். ஒரு முடக்குப் பெற்றோலை காபரேட்டருக்குள் விட்டு எஞ்சினைப் பற்றவைத்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். அந்த மண்ணெண்ணெயில் தண்ணீர் இருந்தது, மண் இருந்தது, விற்றவன் கலந்த வேறு எதுவோ இருந்தது. கார் நின்றால் முதலில் எண்ணெயைப் பார்ப்பார்கள். பெரும்பாலும் அதுவாகவே இருந்தது. சாமான்களோ வாரா. தேய்ந்ததை அராவினார்கள், உடைந்ததை ஒட்டினார்கள். எப்போதாவது சோதனைச் சாவடிகளைத் தாண்டி ஒரு புதுச்சாமான் வந்தால், அதை வெள்ளைக் கடுதாசியில் வைத்து எல்லோரும் ஒருமுறை பார்ப்பார்கள். புதிதைச் சந்தேகிக்க யாருக்கும் தோன்றியதில்லை.

ரொறன்ரோவில் முதலில் ரயர்க் கடை. பிறகு, ஒரு ஸ்கொட்லாந்துக்காரரின் பழைய கார்க் கராஜ். அவர் இறந்ததும் வாடிக்கையாளர்கள் அருள்நாயகத்தைத் தேடி ரெக்ஸ்டேலுக்கு வந்தார்கள். நல்ல வேலைக்காரன் என்ற பெயர் உண்டு. அதை அவரே சொல்லிக்கொள்ளவும் செய்வார். அவருடைய மனைவி யூஜினி முதியோர் இல்லமொன்றில் வேலை செய்கிறாள். காலையில் தொலைபேசியில் அவளிடமும் தண்ணீர்க் கதையைச் சொல்லியிருந்தார்.

"உங்களுக்கு எல்லாம் தண்ணிதான்," என்றாள் அவள். "எனக்குத் தலையிடி எண்டாலும் தண்ணி குடியெண்டுதான் சொல்லுவியள்."

"உனக்கு என்ன தெரியும்?"

"ஒண்டும் தெரியாது. அந்தப் பிள்ளைக்குச் சும்மா ஆறுதல் சொல்லாதேங்கோ. பிறகு தாங்கமாட்டான்."

றூபன் வந்ததும் நேரே காரிடம் போனான். முப்பத்திரண்டு வயது; மார்க்கம் நகரில் ஒரு கணினி நிறுவனத்தில் வேலை. முகம் மழிக்கப்படாமல் இருந்தது. அருள்நாயகம் போத்தலைக் காட்டினார். அவன் வாங்கிச் சாய்த்துப் பார்த்தான்.

"எனக்கு ஒண்டும் தெரியேல்லை, அங்கிள்."

"கலந்திட்டுது. காலமை தெரிஞ்சது. தாங்கியைக் கழுவிப் புதுப் பெற்றோல் விட்டிருக்கு. வாரும், ஓடிப் பாப்பம்."

றூபன் ஓட்டினான். குளிர்ந்த, காய்ந்த நாள். றோட்டில் இன்னும் பனிக்கு உப்புப் போடத் தொடங்கவில்லை. 427இல் ஏறித் தெற்கே போய், திரும்பி வடக்கே வந்தார்கள். வெப்பமுள் நடுவுக்கு வந்து நின்றது. எஞ்சின் ஒரே சீராக ஓடியது. தகப்பன் வெளியேறிய அதே வழியில் றூபன் வெளியேறினான். பாதியில் வேகத்தைக் குறைத்தான்.

"இதிலதான் நிண்டிருக்கவேணும். அந்தா, மேல பிளாசா. பாருங்கோ, முழுக்க ஏத்தம்."

அருள்நாயகம் பார்த்தார். ஏற்றம்தான்.

தரிப்பிடத்தில் காரை நிறுத்தினான். எதிரே ஒரு கோப்பிக் கடை, ஒரு பல் வைத்தியர், ஒரு சலவைக் கடை. எஞ்சினை நிறுத்தவில்லை.

"அங்கிள், ஒண்டு கேக்கட்டோ? பழைய பெற்றோலோட ஓடிப் பாத்தனீங்களோ?"

"எப்ப?"

"வடிக்க முதல். அப்ப மிஸ் அடிச்சதோ?"

அருள்நாயகம் ஏதோ சொல்லத் தொடங்கினார். ஒரு விமானம் தாழ வந்தது. அது போய் அடங்கிய பிறகும் அவர் தொடரவில்லை.

"அப்ப பெற்றோல் மாத்தினதாலை நல்லா ஓடுதோ, முதலே நல்லா ஓடினதோ எண்டு எங்களுக்குத் தெரியாது," என்றான் றூபன். குரலில் கோபமில்லை. "எனக்காண்டித்தானே தண்ணி எண்டு சொன்னனீங்கள்?"

"இல்லை. நான் அப்பிடித்தான் நினைச்சனான்." கதவைத் திறந்தபடி, "பாத்திட்டுச் சொல்லியிருக்கவேணும்," என்றார்.

அவர் இறங்கிப் பொனற்றைத் திறந்தார். ஜூலியனின் திருத்தவேலை ஆயுதங்கள் டிக்கியில் ஒரு துணிச் சுருளில் இருந்தன. ஒவ்வொன்றும் துடைத்து அதனதன் மடிப்பில் வைக்கப்பட்டிருந்தது. அவற்றில் ஒன்றையும் எடுக்கத் தேவைப்படவில்லை. டிஸ்ரிபியூட்டர் மூடியை இரண்டு கிளிப்கள் பிடித்திருந்தன. எஞ்சினை நிறுத்தச் சொல்லிவிட்டு, விரலால் அவற்றைத் தள்ளி மூடியைக் கழற்றினார். எல்லாம் புதிது என்று கேட்ட பிறகு இந்த ஒரு மூடியை மட்டும் அவர் இரண்டு நாளாகத் திறக்கவில்லை.

"இது உம்மட றோட்டர்," என்றார். உள்ளே சுழலும் அந்தச் சிறு துண்டைச் சுட்டினார். "கொயிலில இருந்து வாற மின்சாரத்தை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரிச்சுக் குடுக்கிறது இதுதான்."

றூபன் குனிந்தான். குனிந்தபடியே நின்றான்.

"இது என்ர இல்லை."

"என்ன?"

"நான் போட்டது கறுப்பு. இது பிறவுண். இது பழசு, அங்கிள். நான் கழட்டினது. அப்பா டிக்கியில இருக்கிற தகரப்பெட்டியில போட்டவர்."

அருள்நாயகம் றோட்டரை இழுத்தெடுத்தார். பித்தளை நுனி தேய்ந்திருந்தது. மற்றப்படி நல்ல சாமான். டிக்கியிலிருந்த பிஸ்கற் தகரத்தைத் திறந்தார்கள். பழைய பிளக்குகள், பழைய பொயின்ற், வாஷர்கள், ஒரு துண்டு வயர். பழைய றோட்டரும் இல்லை, புதியதும் இல்லை.

"எறிஞ்சிருப்பாரோ?" என்றார் அருள்நாயகம்.

"அப்பாவோ? கீரையைக் கட்டி வாற றப்பர் பாண்டையே எறியமாட்டார்."

இருவரும் பொனற்றின் முன் நின்றார்கள். கார் வழியில் நின்றது. ஜூலியன் எஞ்சினைத் திறந்து, பிழை எதிலென்று கண்டு, பழையதை எடுத்துப் போட்டார். பிறகு மூடினார், ஆயுதங்களைத் துடைத்து வைத்தார். இதில் சந்தேகிக்க ஒன்றுமில்லை. றோட்டர் தானாக மாறாது.

"தம்பி, நீர் வந்து பாக்கேக்க கார் எப்பிடி நிண்டது?"

"இதில. இந்தக் கோட்டுக்குள்ள."

"முன்பக்கம் எங்கால?"

றூபன் வாயைத் திறந்து மூடினான். திரும்பிக் கோடுகளைப் பார்த்தான்.

"றோட்டுப் பக்கம்," என்றான். "றிவேர்ஸில விட்டிருந்தது. அவர் எப்பவும் அப்பிடித்தான். லிமோ ஓடின பழக்கம்."

"தள்ளிக்கொண்டு வாறவன் திருப்பிப் பின்பக்கமா விடுவானோ?"

றூபன் கீழே ஏற்றத்தைப் பார்த்தான். காரின் விளிம்பில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டான். கோப்பிக் கடையிலிருந்து ஒருத்தி வெளியே வந்து, பச்சைக் காரைப் பார்த்து, அழகான கார் என்றாள். அருள்நாயகம் தலையசைத்தார்.

"அப்ப என்ர சாமான்தான் நிப்பாட்டினது," என்றான் றூபன்.

"அதை இன்னும் பாக்கேல்லை. ஒருக்கால் பாக்காமல் சொல்லிட்டன். இனிச் சொல்லமாட்டன். அந்தச் சாமான் வேணும்."

"பெட்டியில இல்லை. காருக்குள்ள இல்லை."

"அப்ப உடுப்பில," என்று அருள்நாயகம் பழைய றோட்டரைத் திரும்பப் பூட்டினார்.

வைத்தியசாலை கொடுத்த உடுப்புப் பை மிசிசாகாவில், ஜூலியனின் வீட்டின் பேஸ்மென்றில், சலவை இயந்திரத்தின் மேல் ஒரு மாதமாக இருந்தது. றூபனின் தாய் வேரோனிக்கா அதைத் தோய்க்கவும் இல்லை, எறியவும் இல்லை. வேறு உடுப்புத் தோய்க்கும்போது பக்கத்தில் எடுத்து வைப்பாள். முடிந்ததும் திரும்ப மேலே வைப்பாள்.

காரின் சத்தம் கேட்டு அவள் கதவைத் திறந்து வெளியே வந்திருந்தாள். மகன் இறங்கும்வரை பேசவில்லை.

"ஆர் ஓடுறது எண்டு பாத்தன்," என்றாள். பிறகு அருள்நாயகத்திடம், "வாங்கோ அண்ணை. தேத்தண்ணி போடுறன்."

"இருக்கட்டும், தங்கச்சி. முதல் ஒரு விசயம்."

றூபன் சொன்னான். அவள் கேட்டு முடித்து, தானே கீழே போய்ப் பையைக் கொண்டுவந்தாள். வீட்டுக்குள் திறக்கவில்லை. றூபன் காரை விட்டிருந்த வீட்டுக் கராஜுக்குக் கொண்டுவந்து, நிலத்தில் ஒரு பழைய படங்கை விரித்து, அதில் வைத்தாள். சேட்டு நெஞ்சுப் பக்கம் நேராக வெட்டப்பட்டிருந்தது. அதை அவள் மடித்துத் தனியே வைத்தாள். ஜக்கற் வெட்டப்படவில்லை. இடப்பக்கப் பையில் மூக்குக்கண்ணாடி. வலப்பக்கப் பையில் மடித்துச் சுற்றிய ஒரு கடுதாசித் துவாய்.

அவிழ்த்தாள். கறுத்த றோட்டர். அவள் அதைப் பார்க்கவில்லை, கடுதாசியைப் பார்த்தாள். கோப்பிக் கடைக் கடுதாசி. ஒரு மூலையில் சீனிப்பாகு காய்ந்து ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தாள்.

"டோனட்," என்றாள்.

கடுதாசியை மணந்து பார்த்தாள்.

"இரத்தத்தில சீனி கூடி நிக்குது, தொடக்கூடாது எண்டு டொக்டர் என்ர முன்னாலதான் சொன்னவர். ஓம் ஓம் எண்டு தலையாட்டினவர்." கடுதாசியை இரண்டாக மடித்தாள். "கார் ஓடப்போறன், கார் ஓடப்போறன் எண்டது இதுக்குத்தான். கள்ளன்."

றூபன் சிரித்தான். சிரிப்பு பாதியில் வேறு சத்தமாக மாறியது. அவன் வெளியே போய் நின்றுவிட்டுத் திரும்பி வந்தான்.

"பாருங்கோ, அங்கிள்."

அருள்நாயகம் கறுத்த றோட்டரைப் பூட்டினார். கொயிலிலிருந்து வரும் தடித்த வயரின் நுனியை அதன் பித்தளைக்கு மேலே ஒரு நெல் இடைவெளியில் பிடித்தார். பொறி அதற்குப் பாய்ந்தால் சாமான் உள்ளே உடைந்திருக்கிறது, பாயாவிட்டால் நல்லது. அதைச் சொல்லி, றூபனைத் திறப்பைத் திருப்பச் சொல்லிவிட்டு, மின்சாரத்தை விட்டுவிட்டுத் தரும் பொயின்றை விரலால் தட்டினார். பொறி வரவில்லை. மறுபடி தட்டினார். வரவில்லை.

"நல்லா இருக்கு," என்றாள் வேரோனிக்கா.

அருள்நாயகம் வயரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். றூபன் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இது குளிர்ல," என்றார் அருள்நாயகம். "அண்டைக்கு எஞ்சின் சூடு. தலை காயவைக்கிற மெஷின் இருக்கோ, தங்கச்சி?"

அவள் உள்ளே போய்க் கொண்டுவந்தாள். றூபன் அதை வாங்கி, வாயை றோட்டருக்கு நேரே பிடித்தான். காற்றின் இரைச்சல் கராஜை நிறைத்தது. பிளாஸ்ரிக் மணம் வரும்வரை பிடித்தான். அருள்நாயகம் நிறுத்தச் சொல்லி, வயரைப் பிடித்து, பொயின்றைத் தட்டினார்.

நீலப் பொறி பித்தளைக்குப் பாய்ந்தது. சத்தம் சிறியது. மறுபடி தட்டினார். மறுபடி பாய்ந்தது.

"ஓம், தம்பி," என்றார். "இதுதான் நிப்பாட்டினது. சூட்டில உள்ளால ஒழுகுது. ஆறினாப் பிறகு நல்ல பிள்ளை மாதிரி இருக்கும். கடையில வித்தவன் செய்த பிழை. நீர் பூட்டினதில பிழையில்லை. ஆனால் நிப்பாட்டினது இதுதான்."

"சரி," என்றான் றூபன்.

"அதுக்குப் பிறகு அவர் தள்ளேல்லை, பழசைப் போட்டு ஓடியிருக்கிறார். அதுவும் இதில இருக்கு."

"சரி, அங்கிள்."

வேரோனிக்கா றோட்டரை அருள்நாயகத்தின் கையிலிருந்து வாங்கினாள். இன்னும் சூடாக இருந்தது. உள்ளங்கையில் மாற்றி மாற்றி வைத்தாள்.

"ஏன் இதைத் தகரத்தில போடேல்லை? எல்லாத்தையும் அதுக்குள்ளதானே போடுறவர்."

"தகரத்தை நான் திறப்பன்," என்றான் றூபன். "எனக்குத் தெரியக்கூடாது எண்டு பொக்கற்றில வைச்சிருக்கிறார்."

"இல்லை. உன்னட்டக் காட்டத்தான் வைச்சவர். வீட்ட வந்து, சாப்பாட்டு மேசையில வைச்சு, இஞ்ச பார் நீ தந்த பிறந்தநாள் பரிசை எண்டு..."

"கிறிஸ்மஸ் வரைக்கும் சொல்லிக் காட்டியிருப்பார்."

"அடுத்த வருசக் கிறிஸ்மஸ் வரைக்கும்."

இரண்டில் எது சரி என்று அவர்களுக்குத் தெரியவில்லை. அருள்நாயகத்துக்கும் தெரியவில்லை. டோனட்டைச் சாப்பிட்டுவிட்டு வந்து, காருக்குள் ஏறி, ஜூலியன் ஏன் கிளம்பாமல் இருந்தார் என்பதும் தெரியவில்லை. வழியில் குளிருக்குள் நின்ற நேரம் அவருக்கு என்ன செய்தது என்பதை எந்தச் சோதனையும் காட்டாது. அருள்நாயகம் பழைய றோட்டரைப் பூட்டி, மூடியைப் போட்டு, கிளிப்களை அழுத்தினார். றூபன் திறப்பைத் திருப்பினான். கார் பற்றியது.

வேரோனிக்கா சேட்டைத் திரும்பப் பைக்குள் வைத்தாள். ஜக்கற்றை வைக்கவில்லை, கையில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். தேத்தண்ணி வந்தது. குடித்தார்கள்.

மறுநாள் சனிக்கிழமை. காலையில் தூறியது. முப்பத்தோராம் நாள் பூசை பதினொரு மணிக்கு. அருள்நாயகமும் யூஜினியும் போனார்கள். றூபன் முகம் மழித்திருந்தான். வாசகம் வாசித்தான். மழைக்கு எம்ஜிபியைக் கொண்டுவரவில்லை. பூசைக்குப் பின் மண்டபத்தில் சாப்பாடு. வேரோனிக்கா யூஜினியிடம் வேலையைப் பற்றி விசாரித்தாள். சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் ஒரு பெட்டி டோனட் இருந்தது. அதை யார் வாங்கி வைத்தது என்று சிலர் கேட்டார்கள்.

பின்னேரம் அருள்நாயகம் கராஜுக்குப் போனார். ஒரு ட்ரையம்ப் கார் மிஸ் அடிக்கிறது என்று வந்திருந்தது. சாமான் எல்லாம் போன மாதம் போட்ட புதிது என்றார் சொந்தக்காரர். அருள்நாயகம் டிஸ்ரிபியூட்டர் மூடியை முதலில் கழற்றினார். அங்கே பிழை இல்லை. ஒரு வயர் தளர்ந்திருந்தது. இறுக்கினார்.

எம்ஜிபியிலிருந்து வடித்த பெற்றோல் ஒரு தகரக் கானில் இருந்தது. போத்தலில் இருந்ததையும் அதற்குள் ஊற்றி, தன் வான் வண்டியின் தாங்கியில் விட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். வழியில் வான் எங்கும் நிற்கவில்லை.